அவித்த முட்டைக்குள் ஆணி

வெள்ளிக்கிழமைகளில் கோப்பாய்ச் சாமியாரின் முற்றத்தில் செருப்புக் கழற்றவும் இடமிருக்காது. பண்டத்தரிப்பிலிருந்து வான் பிடித்து வருவார்கள். கனடாவிலிருந்து வீடியோவில் கும்பிடுவார்கள். ஆளுக்கொரு முட்டை கொண்டுவர வேண்டும். சாமியார் அவற்றைக் கூடையோடு திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூசை பண்ணி எடுத்துவருவார். பிறகு நோகிற உடம்பில் முட்டையை உருட்டி உடைப்பார். உள்ளேயிருந்து துருப்பிடித்த ஆணி விழும். செய்வினை! இட்ட கோழிக்கே தெரியாத சங்கதி.

குணலட்சுமிக்கு உடம்பெல்லாம் உளைவு. தோள், இடுப்பு, முழங்கை, தொட்ட இடமெல்லாம் நோகும். நித்திரையும் இல்லை. இரத்தம் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. "வருத்தமொண்டுமில்லை, மனப்பிரமை" என்று பெரிய டொக்டர் ஒருவர் அனுப்பிவிட்டார். "உனக்கு நோகுதுதான் பிள்ளை" என்று முதன்முதல் சொன்னவர் சாமியார்தான். அந்தச் சொல்லுக்கே அவள் உருகிப்போனாள். அவளுடைய சோடித் தங்கக் காப்பில் ஒன்று சாமியாருக்குக் காணிக்கையாக அப்படித்தான் போனது. மற்றது இந்த வெள்ளிக்கிழமை போகவிருந்தது.

அவளுடைய மச்சாள் தயாளினிக்கும் அதே வருத்தம். அவள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அதற்கு பைப்ரோமயால்ஜியா என்று பேர் சொன்னார்கள். உடற்பயிற்சி, நித்திரைக்கு வழி, கொஞ்ச மருந்து. எல்லாம் இலவசம். அதனாலேயே அந்தக் கிளினிக் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா குடுக்கிறதிலை என்ன சுகம் வரும், மச்சாள்?" என்பாள் குணலட்சுமி. செலவு கூடினால் வைத்தியமும் பெரிது என்பது அவள் எண்ணம். ஊரும் அப்படித்தான் எண்ணியது.

அன்றைக்குத் தயாளினியும் கூட வந்து ஒரு முட்டை கொடுத்தாள். பூசை முடிந்தது. சாமியார் அவள் தோளில் முட்டையை உருட்டினார், உறுமினார், தட்டில் உடைத்தார். மஞ்சட்கரு வழிய நடுவில் ஆணி!

"முருகா!" என்றது சனம்.

"ஆணி கிடக்கட்டும் சாமி," என்றாள் தயாளினி. "நான் கொண்டந்தது அவிச்ச முட்டை. அது எப்பிடிப் பச்சையாச்சு?"

சாமியார் கண்ணை மூடித் திறந்தார்.

"அதுதான் பிள்ளை சக்தி!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவித்ததைப் பச்சையாக்கிய சாமி! குணலட்சுமியின் கையும் கன்னத்துக்குத்தான் போனது. மூளையைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான்.

தயாளினி பைக்குள்ளிருந்து இன்னொரு முட்டையை எடுத்து மச்சாளின் கையில் வைத்தாள். "இதுவும் அவிச்சதுதான். திரைக்குப் பின்னாலை போக வேண்டாம். இவவின்ரை கையிலையே பச்சையாக்குங்கோ பாப்பம்."

"இண்டைக்குச் சக்தி முடிஞ்சுது. அடுத்த வெள்ளி வாங்கோ."

குணலட்சுமி முட்டையை உரித்துப் பார்த்தாள். வெந்த முட்டைதான். அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. எழுந்துபோய்த் திரையை இழுத்து அறுத்தாள். பின்னால் இரண்டு கூடைகள். ஒன்றில் சனம் கொண்டுவந்த முட்டைகள். மற்றதில் ஓட்டை போட்டு, ஆணி நுழைத்து, மெழுகால் அடைத்த முட்டைகள்.

"என்ரை காப்பு எங்கையடா?" என்று அவள் கத்தினாள். சாமியாரின் சக்தி வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் வெளியேறப் பார்த்தது. சனம் வேட்டியில் பிடித்து இழுத்தது.

திங்கட்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனாள்.

"முழுக்க மாறுமே மிஸ்ஸி?" என்று அங்கிருந்த தாதியைக் கேட்டாள்.

"இல்லையம்மா, குறையும். பயிற்சியை விடாமச் செய்யோணும்."

பொய் சொல்லாத வைத்தியத்தை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

கூழ்முட்டையா என்று தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தானே அடுப்பில் வைக்கிறீர்கள்? சாமியாரை மட்டும் ஏன் ஐயா, பார்க்காமலே தலையில் வைக்கிறீர்கள்?