எந்தப் பக்கம் ஓட்டிப் பழக்கம்?

நீள்வயல் நாட்டில் எல்லோரும் இடப்பக்கமாக வண்டி ஓட்டினார்கள். அதில் யாருக்கும் குறை இருக்கவில்லை. ஒருநாள் வெளிநாட்டு வணிகர் ஒருவர் வலப்பக்கமாக வந்து ஒரு பால்வண்டியில் மோதினார். மன்னர் வணிகருக்காக வருந்தினார்.

“விருந்தாளியின் பழக்கத்தை மாற்றச் சொல்வது அநாகரிகம்,” என்றார் சாலை அமைச்சர் பரிவாளர். “மக்களின் பழக்கத்தை மாற்றலாம். அதற்குச் செலவில்லை.”

வெளிநாட்டார் தமக்குப் பழகிய பக்கத்தில் ஓட்டலாம், எதிரே வரும் உள்ளூர் வண்டி சாலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று ஆணை வந்தது.

எல்லையோரக் கிராமத்தில் ஆட்டோ ஓட்டிய செங்கமலத்துக்கு இது சிரமமாயிற்று. அவள் கணவன் தவசிக்குச் சிறுநீரகம் பழுது. வாரந்தோறும் தலைநகர் மருத்துவமனையில் இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். இறங்கி ஏறி, எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள்.

பிறகு விருந்தினர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். உள்ளூர் வண்டிகளின் சத்தத்தில் அவர்கள் கவனம் சிதறியதாக விசாரணைக் குழு கண்டறிந்தது. உள்ளூர் வண்டிகளை இன்ஜினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று இரண்டாம் ஆணை வந்தது.

“நான் வேணா இறங்கி நடக்கட்டா?” என்றான் தவசி.

“நடக்கிற மூஞ்சியப் பாரு. பேசாம உக்காருய்யா,” என்றாள் செங்கமலம், தள்ளிக்கொண்டே.

அன்று தாமதமாகிவிட்டது. இயந்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தவசியின் கால்கள் வீங்கின.

அடுத்த வாரம் அவள் ஆட்டோவை எதிர்த்திசையில் திருப்பினாள்.

“ஏடி, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.”

“தெரியும். வெளிநாட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்.”

எல்லையைத் தாண்டி, வட்டமடித்துத் திரும்பி வந்தார்கள். எல்லை வாசலில் அதிகாரி மாலை போட்டார்.

“சார், என்னைத் தெரியலையா? இந்த ஊர்க்காரிதான்.”

“எல்லை வழியாக நுழைபவர் விருந்தாளி. சட்டம் முகம் பார்க்காது,” என்றார் அதிகாரி. “எந்தப் பக்கம் ஓட்டிப் பழக்கம், அம்மா?”

“காலியா இருக்கிற பக்கம்.”

முன்னால் காவல் வண்டி சைரன் ஒலிக்கப் போயிற்று. மருத்துவமனைக்கு நேரத்துக்கு முன்பே சேர்ந்தார்கள்.

செய்தி பரவியது. நாடே எல்லையைத் தாண்டித் திரும்பி வந்தது. எல்லோரும் மறுபடி இடப்பக்கமாக ஓட்டினார்கள். செங்கமலத்துக்கு எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

தேர்தல் வந்தது. விருந்தாளிகளுக்கு வாக்கு கிடையாது. பரிவாளர் தம்முடைய ஒரே வாக்கால் அமோக வெற்றி பெற்றார்.

மறுநாள் காலை தவசி மருத்துவமனையில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருந்தான். பாதி ரத்தம்தான் சுத்தமாகியிருந்தது. எல்லை அதிகாரி உள்ளே வந்து செங்கமலத்தைப் பணிவாக வணங்கினார். கையில் புது மாலை இருந்தது.

“எங்கள் நாடு பிடித்திருந்ததா, அம்மா?” என்றார். “வண்டி வாசலில் நிற்கிறது. வழியனுப்ப வந்திருக்கிறேன்.”