தீவில் ஒரு சின்ன வீடு

என்னை ஏமாற்றுகிறவன் இன்னும் பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, நாமக்கல்லில் சைக்கிளில் முட்டை விற்று, பிறகு சொந்தமாக முட்டை லாரிகள் ஓட்டியவன் நான். காதோரம் ஆட்டிப் பார்த்தே கூமுட்டையைக் கண்டுபிடித்துவிடுவேன். மனுசன் எம்மாத்திரம்? (இந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.)

அமெரிக்காவில், பேர்லேண்டில் இருக்கும் மகள் கவிதா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை செந்தில் மேல் எனக்கு ஒரு கண். போன் வந்தால் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நல்ல பேச்சுக்குக் கதவு எதற்கு? ஒரு நாள் செருப்புத் தேடுகிற சாக்கில் காதை வைத்தேன்.

"ரொம்பச் சின்னதுடா, அவ்ளோ க்யூட்டு. பாவம், அதால ஃப்ளை பண்ண முடியாது. அந்தத் தீவ விட்டு வரவே வராது. நான்தான் கப்பல்ல போய்ப் பாக்கணும். கவிதாகிட்ட இன்னும் சொல்லல. தெரிஞ்சா கொன்னுடுவா."

எனக்குக் காது அடைத்துவிட்டது. பேத்தி வயிற்றில் இருந்தபோது, 'ஃப்ளை பண்ணக் கூடாது' என்று டாக்டர் சொல்லித்தான் கவிதா தன் தம்பி கல்யாணத்துக்கே வரவில்லை. எனக்கா புரியாது? தீவில் ஒரு சின்ன வீடு. அதுவும் முழுகாமல் இருக்கிறது!

அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. (சப்பாத்தி இறங்கியது.)

சனிக்கிழமை வீட்டில் பாட்லக், அதாவது ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற விருந்து. கவிதாவின் தோழிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மகள் வாழ்க்கை பறிபோகிறதே, சபையில் கேட்டால்தான் மழுப்ப முடியாது என்று எழுந்து நின்றேன்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்தத் தீவுல இருக்கறது யாருங்க?"

செந்தில் முகம் வெளுத்தது. "மாமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டார்!

"எந்தத் தீவுப்பா?" என்றாள் கவிதா. கையில் பிரியாணிக் கரண்டி.

நான் விடவில்லை. "ஃப்ளை பண்ண முடியாதாமே! எத்தனாவது மாசமுங்க?"

ஓர் ஆன்ட்டி எட்டி டிவியை நிறுத்தினார்.

செந்தில் போனை நீட்டினார். கறுப்பாக, சிவந்த கண்ணோடு ஏதோ ஒன்று. "பறவைங்க மாமா. நடுக்கடல்ல அந்த ஒரு தீவுல மட்டும்தான் இருக்கு. பறக்கத் தெரியாத பறவைகள்லயே இதுதான் சின்னது. நேர்ல பாக்கணும்னு ஆசை..."

பேத்தி எட்டிப் பார்த்தாள். "தாத்தா, இட் லுக்ஸ் லைக் எ சிக்கன்!"

வாழ்நாளெல்லாம் கோழியால் சோறு தின்றவன், ஒரு கோழிக்குஞ்சை மகளுக்குச் சக்களத்தி ஆக்கியிருந்தேன்.

"கப்பலா? எப்ப?" என்று கவிதா செந்திலைக் கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே கப்பல் மூழ்கிவிட்டது.

போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன். "கொஞ்ச நாளைக்கு ஃப்ளை பண்ணக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க மாப்பிள்ளை" என்றேன் போனில்.

மறுமுனையில் அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"எத்தனாவது மாசம், மாமா?"