மீட்டர் அண்ணாச்சி கட்டிய கைப்பட்டை

தென்காசியில் பெற்ற பிள்ளையை நம்பாதவர்கள் உண்டு, சாமியை நம்பாதவர்கள் உண்டு. தன்னைத்தானே நம்பாமல் மீட்டரை மட்டும் நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் தெரு மீட்டர் அண்ணாச்சிதான்.

கரண்ட் ஆபீசில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போன காலத்தில், "நாங்க ஊருலயே இல்லையே, எப்படி இவ்வளவு ஓடும்?" என்று யாராவது கேட்டால், "நீங்க இருந்தியளா இல்லையாங்கறது எனக்குத் தெரியாது. மீட்டர் பொய் சொல்லாது" என்பார். வீட்டுக்காரரே நாம் ஊரில்தான் இருந்தோமோ என்று குழம்பிப்போவார்.

அந்தத் தெருவில் நான் செல்போன் கடை வைத்திருந்தேன். டாக்டர் அவரை நடக்கச் சொன்னதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் கையில் கட்டும் பட்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். நடையை எண்ணும், நாடி பார்க்கும், தூக்கத்தைக் கூட அளக்கும் பட்டை. அதை ஓட வைத்துக் கொடுத்தது நான். அதற்குப் பிறகு தினமும் காலையில் கடை திறக்கும்போது ஷட்டருக்கு வெளியே ஒரு சந்தேகம் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்.

"எம்மா, இதை இடது கையில கட்டணுமா, வலது கையிலயா?"

"எந்தக் கையை அதிகம் அசைக்க மாட்டீங்களோ அதுல கட்டுங்க அண்ணாச்சி."

அதைக் கண்டுபிடிக்க இரண்டு கைகளையும் கவனித்தபடியே ஒரு வாரம் திரிந்தார். கவனித்ததில் இரண்டுமே அசையாமல் நின்றுவிட்டன. தெருவில் அவர் நடந்து வருவதைப் பார்த்தால் யாரோ கட்டிப்போட்டு அழைத்து வருவதுபோல இருந்தது.

சுரண்டைக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்த அன்று நேராகக் கடைக்கு வந்தார். முகம் இருண்டிருந்தது. "ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. பஸ்ஸு குலுங்குனதை எல்லாம் நான் நடந்ததா ஏத்திருக்கு. இதை எப்படிக் கழிக்க?"

"கழிக்க முடியாது அண்ணாச்சி. அப்படியே விட்டுருங்க."

"நடக்காத நடையை வச்சுக்கிடறதா?" என்று கேட்டவர், அன்று மாலை இலஞ்சி வரைக்கும் நடந்து அந்தப் பாவத்தைத் தீர்த்தார். போகும்போது பட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

சாரல் காலத்தில் இன்னொரு வழக்கு. குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாததால் நடை ஏறவில்லை. "அப்போ நான் நடக்கல" என்று தீர்ப்புச் சொல்லி, குடையை மடக்கிவிட்டு நனைந்தபடி நடந்து காய்ச்சலில் படுத்தார். கஞ்சி வைத்துக் கொடுத்த மதினி, அதாவது அவர் மனைவி, என்னிடம் வந்து, "பட்டையைக் கட்டிவிட்டது நீதான, நீயே வந்து கஞ்சியைப் புகட்டு" என்றாள்.

மதினி மெலிந்த உடம்புக்காரி. பேச்சு மட்டும் கனம். ஒருமுறை அவர்களோடு நானும் ஐந்தருவிக்குப் போயிருந்தேன். பட்டை தண்ணீரில் நனையலாம், வேகமான அருவிக்கு அடியில் மட்டும் அதைக் காட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அண்ணாச்சி உடம்பை அருவிக்குக் கொடுத்து, பட்டை கட்டிய கையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து மதினி கத்தினாள்: "என்ன, செங்கோட்டை பஸ்ஸ நிப்பாட்டுதியளோ?" குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாச்சி கையை இறக்கவில்லை.

அவர் கேட்டதில் எனக்குச் சிரிப்பு வராத கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி முழுக்க அவ இருமிக்கிட்டே கெடந்தா. நானும் கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன். காலையில பார்த்தா நான் நல்லா தூங்குனேன்னு காட்டுது."

"அசையாம படுத்திருந்தா தூக்கம்னு நெனச்சிக்கிடும் அண்ணாச்சி."

அவர் யோசித்தார். "இல்லம்மா. நாந்தான் தூங்கிருப்பேன். முழிச்சிருந்த மாதிரி கனவு கண்டிருப்பேன்."

ஐப்பசி மழையில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த மதினி எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். மகள் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். அண்ணாச்சி அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

தூக்கப் போகிற நேரம். திடீரென்று அவர் தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி, குனிந்து மதினியின் மணிக்கட்டில் கட்டினார். கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று கிடந்தது. அடியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஓர் எண் வந்தது.

"ஏலே, இருங்கலே! ஓடுது! நாடி ஓடுது!"

கூட்டம் உறைந்துவிட்டது. மகள், "அம்மா" என்று அலறிக்கொண்டு வந்து விழுந்தாள். யாரோ ஓடிப்போய் டாக்டரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்து, கண்ணில் வெளிச்சம் அடித்து, பொறுமையாகப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியின் தோளில் கை வைத்து, "இல்லீங்க. போயி ரொம்ப நேரமாச்சு" என்றார். பட்டையில் எண் அப்போதும் தெரிந்தது. மதினியின் தம்பிதான் அதைக் கழற்றினான். ஆண் பிள்ளை இல்லாததால் கொள்ளியும் அண்ணாச்சியே வைத்தார்.

அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வெளியே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

காரியங்கள் எல்லாம் முடிந்து மகளும் ஊருக்குப் போனபிறகு, ஒரு மத்தியானம் வந்தார். சாப்பாட்டு நேரம், கடையில் நான் மட்டும்தான். பட்டையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"எம்மா, உசுரில்லாத கையில கட்டுனா இது நம்பர் காட்டுமா?"

நான் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தேன்.

"மீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே நான் லைனைக் கட் பண்ணிட்டனோன்னு இருக்கு. என் கையால தீ வச்சனே. சோறு எறங்கல."

டாக்டரே இரண்டு முறை பார்த்தாரே என்று சொல்லலாம். ஆனால் மனுசர் வார்த்தையை இவர் எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த காய்கறிப் பையிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்தேன். பட்டையை அதில் இறுக்கிக் கட்டி மேசைமேல் வைத்தேன். பச்சை வெளிச்சம் மினுங்கியது. எண் வந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். அவிழ்த்து, தன் தோள்துண்டைச் சுருட்டி அதில் கட்டினார். அதற்கும் ஓர் எண்.

"துண்டுக்கு ஏதும்மா நாடி?"

"உள்ள வெளிச்சம் அடிச்சு, திரும்பி வாறதை வச்சு இது நாடியைக் கணக்குப் போடுது அண்ணாச்சி. எதுமேல பட்டுத் திரும்பி வந்தாலும் சில சமயம் ஒரு நம்பரைக் காட்டிரும்."

"அப்போ மீட்டர் பொய் சொல்லுதா?"

"பொய்யில்ல. 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லத் தெரியல அதுக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே மழை பிடித்துவிட்டது. துண்டிலிருந்து பட்டையை அவிழ்த்தபடி, "அப்போ அவ போயிட்டாதான்" என்றார். சொல்லிவிட்டு அந்தத் துண்டாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தீ வைத்த பயம் போனபோது, அதற்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஓர் ஆசையும் சேர்ந்து போயிருக்க வேண்டும். நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

பட்டையைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். எறியவில்லை. அப்பா எழுந்தாரா, நடந்தாரா என்று மகள் பெங்களூரிலிருந்து போனில் பார்க்கிறாளாம். "அவ மனசு நிம்மதிக்குக் கட்டிக்கிடுதேன்" என்றார்.

போன சாரலில் ஒரு பிற்பகல் அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, காலையிலேருந்து அப்பா பட்டையில ஒண்ணும் வரல. போனும் எடுக்கல."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. பட்டை சன்னல் ஓரம் சார்ஜில் கிடந்தது. அண்ணாச்சி சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். பக்கத்தில் போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்தேன். சட்டைப் பித்தான் மேலே வந்தது. கீழே போனது. மறுபடி மேலே வந்தது.

கண்ணை விழித்தார். "என்னம்மா, இருக்கனா போயிட்டனான்னு பாக்க வந்தியா?"

"ஆமா அண்ணாச்சி."

"இருக்கேம்லா. அவளுக்குப் போனைப் போட்டுச் சொல்லிரு. நீ உக்காரு, காப்பி போடுதேன்."

மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போனார். மதினி போனபிறகு அந்த வீட்டில் நான் குடித்த முதல் காப்பி. சீனி போட மறந்திருந்தார். நல்லாயிருக்கு என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.