பெரட்டு மண்டோரும் மக்கா ஊசியும்

தன் வயிற்றில் தானே ஊசி குத்திக்கொள்வதற்கு ஆள் திரட்டி, கூட்டம் சேர்ந்த பிறகுதான் சட்டையைத் தூக்குவேன் என்று அடம்பிடித்த மனிதர் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒருவர்தான். எங்கள் பெரட்டு மண்டோர். பெயரா? அடையாள அட்டையில் ஏதோ இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

லாபு பக்கத்து செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் விடியற்காலையில் விசில் ஊதி, ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டவர். அந்த வரிசைக்குத்தான் பெரட்டு என்று பெயர், அதை நடத்தும் மேற்பார்வையாளர்தான் மண்டோர். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது நிர்வாகம் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டு, விசிலை மட்டும் மறந்துவிட்டது. அந்த மறதிக்கு இன்றுவரை நாங்கள் அவதிப்படுகிறோம்.

விசிலும் கையுமாக என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தவருக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்தது. மனிதர் சோர்ந்து போகவில்லை. குடியிருப்பில் வேறு யாருக்கெல்லாம் அது இருக்கிறது என்று வீடு வீடாக விசாரித்தார். ஏழு பேர் தேறினார்கள். போதாதா? ஞாயிறு காலை எட்டு மணிக்கு, அந்த ஏழில் ஒருவரான பாக்கியம் அக்காவின் ஒட்டுக்கடை முன்னால், இனிப்பு நீர் பெரட்டு தொடங்கிவிட்டது. மம்பாவிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்துபோகும் நானும் சர்க்கரைக்காரிதான் என்று தெரிந்ததும் எட்டாவது ஆளாக என்னையும் பிடித்துப் போட்டார். சிரம்பானில் ஆபீஸ் வேலை என்பதால் எனக்குக் கிராணியம்மா என்று பட்டம்.

விசில் ஊதுவார். பெயர் கூப்பிடுவார். "வந்துட்டேன் மண்டோரே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முனகினால் மறுபடி கூப்பிடுவார். அப்புறம், "காலக் காட்டு!" ஒவ்வொருவர் பாதத்தையும் குனிந்து, விரல் இடுக்கு வரை பார்ப்பார். கடைசியில் சட்டையைத் தூக்கி, "சாத்து, டுவா, தீகா!" என்று மலாயில் எண்ணி இன்சுலினைக் குத்திக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். கைதட்டாவிட்டால் கோபம் வரும். பிறகு பாக்கியம் அக்காவிடம் பாலில்லாத தே ஓவைச் சீனியும் போடாமல் கேட்டு வாங்கி, அதற்குத் துணையாக நாலு கேசரித் துண்டை உள்ளே தள்ளுவார்.

"மண்டோரே, இது நியாயமா?" என்பார் பாக்கியம் அக்கா.

"குடிக்கிற தண்ணியிலதான் சீனி கூடாதுன்னு கிளினிக் மிஸ்ஸி சொன்னாங்க. கேசரியப் பத்திப் பேச்சே வரலலா."

என் மகளைப் பெண் பார்த்து நிச்சயம் செய்ய ரெம்பாவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கனமான ஆள், சிரிக்கவே யோசிப்பார். கூப்பிடாமலே மண்டோரும் வந்து உட்கார்ந்துவிட்டார். தட்டு மாற்றும் நேரம் பார்த்து, "சம்பந்தி, அந்த சாக்ஸக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "மண்டோரே, சும்மா இருங்க!" என்று பல்லைக் கடித்தேன்.

"நீ சும்மா இரு கிராணியம்மா. மனுசன் பலகாரத்தத் தொடல, மூணு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டாரு. இது நம்ம கேசு."

வாத்தியார் என்ன நினைத்தாரோ, கழற்றினார். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் சீழ் வைத்த புண். அவருக்கே தெரியவில்லை. சம்பந்தியம்மா வாயில் அடித்துக்கொண்டு அழுதார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நிற்கவில்லை. கால் ஆறியதும் வாத்தியார் ஞாயிறுதோறும் ரெம்பாவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு பெரட்டுக்கு வர ஆரம்பித்தார். வரிசையில் ஒன்பது பேர்.

இவ்வளவு விவரமான மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டார். வருஷா வருஷம் எங்கள் ஆபீசுக்கு ஒரு மிஸ்ஸி வந்து எல்லோருக்கும் ஃபுளு ஊசி போடுவார். கம்பெனி செலவு, போட்டுக்கொண்டால் ஒரு பாக்கெட் பிஸ்கட் வேறு. அதைப் பெரட்டில் பெருமையாகச் சொன்னேன். மண்டோர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, அது மக்கா ஊசிம்மா! தோட்டத்து கேட்டுல ஜாகா, காவல் பாக்குற பாக் மாட் மக்காவுக்கு உம்ரா போறப்ப போட்டாரு, நான்தான் மோட்டார்ல கூட்டிட்டுப் போனேன். பிளேன் ஏறுறவங்க போடுறது. நான் எங்க போறேன்? நீலாய் பாசாருக்குப் போறதுக்கா?"

"சர்க்கரை உள்ளவங்க போடணும்னு மிஸ்ஸி சொன்னாங்க மண்டோரே."

"ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி போடுறவன்கிட்ட மூணாவது ஊசி பத்திப் பேசாத."

மண்டோர் வேண்டாமென்றால் வரிசையில் ஒருவரும் போட மாட்டார்கள். வாத்தியார் கூட, "மண்டோர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றுவிட்டார். எல்லோருக்கும் ஒரே வியாதிதான். ஊசி மட்டும் எங்கள் ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டது. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பிஸ்கட் கதை சொல்லத் தெரிந்த எனக்கு இதை எடுத்துச் சொல்லத் துப்பில்லை.

மழைக்காலத்தில் மண்டோருக்குக் காய்ச்சல் வந்தது. வீட்டில் படுத்திருக்கலாமில்லையா? "முப்பது வருசத்துல ஒரு எம்.சி. லீவு எடுத்ததில்ல!" என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நின்றார். விசிலில் காற்றை விட இருமல்தான் அதிகம் வந்தது. ஒன்பது பேர் காலையும் குனிந்து பார்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் நாலு இருமல் இருமினார். கேசரியை மட்டும் தொடவில்லை.

அடுத்த வாரம் ஆறு பேர் படுக்கையில். எனக்கு மூக்கு ஒழுகியதோடு சரி. பாக்கியம் அக்காவுக்குத்தான் சளி நெஞ்சில் இறங்கி, சர்க்கரை எகிறி, மூச்சு வாங்கி, சிரம்பான் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

மண்டோர் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்றே அந்த ஞாயிறு போனேன். கடை சாத்தியிருந்தது. அதன் முன்னால் மண்டோரும் தேறி வந்த மூன்று பேரும் நின்றிருந்தார்கள். பெயர் கூப்பிட்டார். பாக்கியம் என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார். மறுபடி கூப்பிட்டார். அடைத்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என் இருமல்தான் கிராணியம்மா" என்றார். கேட்க வந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துவிட்டது.

"உங்க ஆபீசுல போடுறாங்களே, அந்த ஊசி எங்களுக்கெல்லாம் குடுப்பாங்களா?"

விசாரித்தோம். அறுபது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு அரசாங்க கிளினிக்கிலேயே இலவசமாம். மண்டோர் இன்சுலின் வாங்கப் போகிற அதே கிளினிக். சுவரில் பெரிய நோட்டீஸ். பக்கத்திலிருந்த கால் பராமரிப்புப் படத்தை வரி விடாமல் படித்த மனிதர் இதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

உடனே போடுவோம் என்றால் கேட்கவில்லை. "எல்லாரும் தேறட்டும். பாக்கியம் வரட்டும். அவ இல்லாம பெரட்டு கிடையாது" என்றார். மூன்று ஞாயிறு அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்றார்.

நாலாவது ஞாயிறு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு, பாதியாக இளைத்து, பாக்கியம் அக்கா நடந்து வந்தார். "பாக்கியம்!" என்றார் மண்டோர்.

"வந்துட்டேன் மண்டோரே. கத்தாதீங்க, காது நல்லாத்தான் இருக்கு."

மண்டோர் விசிலை வாயில் வைத்தார். ஊத முடியவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

டாக்டர் சரியென்றதும் கிளினிக்குக்கு வரிசையாகப் போனோம். எங்களில் லாரி ஓட்டும் சுப்பையாவுக்கு ஐம்பத்தாறுதான், அவருக்கு இலவசம் இல்லை என்றார்கள். "ஏன் மிஸ்ஸி, கிருமி என்னா ஐ.சி.ல வயசு பாத்துட்டா உள்ள வருது?" என்று மண்டோர் ஒரு சண்டை போட்டார். நியாயமான கேள்விதான். சுப்பையாவைப் பிறகு ஒரு நாள் நான் மம்பாவில் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

அன்றைக்கு முதல் ஆளாக உட்கார்ந்தவர் மண்டோர். மிஸ்ஸி ஊசியை எடுத்ததும் நாற்காலி ஆடியது. "குடுங்க மிஸ்ஸி, நானே குத்திக்கிறேன்" என்று கையை நீட்டினார். முகமெல்லாம் வேர்வை. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மக்காவாவது உம்ராவாவது! ஆளுக்கு அடுத்தவர் கையால் ஊசி என்றால் பயம். பாக்கியம் அக்கா பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணுங்க மண்டோரே" என்றார். "சாத்து" என்றவர் டுவாவுக்குப் போகவில்லை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முடிந்ததும் நாங்கள் ஒன்பது பேரும் கைதட்டினோம்.

போன மாதம் எங்கள் ஆபீசில் ஊசி போடும் நாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், போன் அடித்தது. எடுத்தால் விசில் சத்தம். அதையடுத்து என் பெயர். கிராணியம்மா இல்லை, அப்பா அம்மா வைத்த பெயர். சுற்றி முழு ஆபீசும் பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தால் என்ன? எழுந்து நின்று, முனகாமல், சத்தமாகவே சொன்னேன்.

"வந்துட்டேன் மண்டோரே!"