ஏழாவது வரியும் காதர் நானாவின் காரும்

ஒரு காகிதத்தைப் பதினோரு முறை தட்டச்சு செய்தவளுக்கு அதில் எழுதியிருக்கும் தொழிலும் கைவந்துவிடும் என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். இதை ஒப்புக்கொள்ள இப்போது எனக்கு வெட்கமில்லை. (கொஞ்சம் இருக்கிறது.)

அறுபதுகளின் நடுவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு கார் பட்டறையில் எனக்குத் தட்டச்சு வேலை. காருக்குள் ஏர்கான் என்பது அப்போது அதிசயம். அதில் சூடான காற்று வந்தால் எதை எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டறை ஆட்களுக்காக ஓர் ஆங்கிலக் குறிப்பு இருந்தது. மொத்தம் ஒன்பது வரி. அதை அடித்தவள் நான்தான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஒருநாள் மதியம் துணிக்கடை காதர் நானா காரோடு வந்தார். பின் சீட்டில் அவர் மனைவி ஆமினா அக்கா, எட்டு மாதக் கர்ப்பிணி. வெக்கை தாங்காமல் அக்காவுக்கு அடிக்கடி மயக்கம் வந்ததால்தான் நானா காரில் ஏர்கான் போட்டிருந்தார். அன்று அக்காவைப் பாசிர் ரிஸ் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த தாய்வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும்.

"காத்து அடுப்பாட்டம் வருதும்மா. ஆறுமுகம் எங்கே?"

மெக்கானிக் ஆறுமுகம் அண்ணன் பல் பிடுங்கப் போயிருந்தார். முதலாளி மலாக்காவில். 'உட்காருங்க, இப்ப வந்துடுவார்' என்று சொல்லியிருந்தால் போதும்.

"நான் பாக்குறேன் நானா. சின்ன வேலைதான் லா" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாமலா?"

காரின் முன்பக்கம் காற்றுப் போகும் இடத்தில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது குறிப்பின் முதல் வரி. அது ஒரு வேலையா? கண் இருக்கிற யாரும் செய்வார்கள். ஏழாவது வரியில்தான் காஸ், வால்வு என்று கம்பீரமான சொற்கள் இருந்தன. நேராக ஏழுக்குப் போனேன். பானெட்டைத் திறக்கச் சொல்லி, குழாயில் இருந்த வால்வின் மூடியைக் கழற்றி, காஸ் இருக்கிறதா என்று அறிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஓர் அழுத்து அழுத்தினேன்.

காஸ் இருந்தது. நிறையவே இருந்தது. புஸ்ஸென்று பீறிட்டது. கையை எடுத்த பிறகும் வால்வு மூடிக்கொள்ளவில்லை. காஸின் குளிரில் என் விரல்கள் மரத்துப்போயின. வெளிர்நீலப் புடவை முழுக்க எண்ணெய்ப் புள்ளிகள். நானா இரண்டடி பின்வாங்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாகவே அடங்கியது.

"என்னம்மா ஆச்சு?"

"காஸ் இல்லை நானா" என்றேன். (அந்த நொடியில் அது சத்தியமான உண்மை.)

"அப்படியா!" என்று அவர் நம்பித் தலையாட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் ஆறுமுகம் அண்ணன் வந்தார். ஒரு கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. குனிந்து காரின் முன்பக்கக் கம்பிகளுக்குள் கையை விட்டு ஒரு வெள்ளைக் கோழி இறகை இழுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கொத்து, காய்ந்த செம்மண்ணோடு. முந்தின நாள் நானா சுவா சூ காங்கில் நண்பரின் கோழிப்பண்ணைக்குப் போய்வந்திருந்தார்.

"இதுதான் அடைச்சிருந்துச்சா? எடுத்துட்டா சரியாகிடுமா?" என்றார் நானா.

அண்ணன் வால்வைப் பார்த்தார். என் புடவையைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. பஞ்சு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டார் என்று பிற்பாடுதான் புரிந்தது. அதைச் சொல்லவேண்டியவள் நான்.

"சரியாகியிருக்கும் நானா. இருந்த காஸை நான்தான் திறந்துவிட்டுட்டேன். எனக்கு இந்த வேலை தெரியாது."

மறுபடி காஸ் அடைக்க மறுநாள் ஆகும். நானாவின் முகம் சிவந்தது. "உள்ள யாரு உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டுத்தானேம்மா கை வச்சே?"

நான் அழுதுவிட்டேன்.

"விடுங்க" என்றார் காருக்குள்ளிருந்து ஆமினா அக்கா. "கண்ணாடிய இறக்கிட்டுப் போவோம். இவளும் வரட்டும். மயக்கம் வந்தா பிடிச்சுக்க ஆள் வேணும்ல."

பாதி வழியில் மழை கொட்டியது. கண்ணாடிகளை ஏற்ற வேண்டியதாயிற்று. கார் இட்லிப்பானை ஆனது. கைப்பையில் இருந்த காகிதம் அந்தக் குறிப்பு ஒன்றுதான். அதை மடித்து விசிற ஆரம்பித்தேன். வலது கை ஓய்ந்தால் இடது கை. அக்கா ஒருமுறை அதை வாங்கிப் பிரித்துப் படித்தார்.

"முதல் வரியே முன்பக்கம் பாருன்னுதானே இருக்கு? ஏன் ஏழுக்குப் போனே?"

"ஏழுதான் பெரிய வேலையா தெரிஞ்சுச்சு அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்குக்கூட அப்படித்தான் தோணியிருக்கும்" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வீசு, நின்னுடாதே."

முன் சீட்டில் நானா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோபம் அத்தோடு போயிற்று. அக்காவுக்கு மயக்கம் வரவில்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் அவர் அம்மா கொடுத்த தேநீர்க் கோப்பையைத் தூக்கத்தான் எனக்குக் கையில் பலமில்லை.

அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த விசேஷமும் நான் இல்லாமல் நடந்ததில்லை. குழந்தைக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன பெருநாளுக்குப் போனபோதும் புது மருமகனிடம் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்தினாள்:

"இவங்க யாரு தெரியுமா? நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு விசிறிவிட்டவங்க!"