ஒரு சஹனில் மூன்று கார்

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், கல்யாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குத்தான் குடிபோகிறான். அங்கே எத்தனை வருடம் சோறு தின்றாலும், மாமனார் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவராது. எனக்குத் தெரியவந்தது. கல்முனையில், கார் சார்ஜ் போடும் இடத்தில், நாலு பேர் பார்க்க.

என் மாமனார் நிந்தவூரில் உழவு மெஷின் சாமான் கடை வைத்திருப்பவர். அதிகம் கதைக்கமாட்டார். நான் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கிவந்து வளவுக்குள் நிறுத்தியபோது, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த "ம்" மெச்சுதலா, ஏச்சா என்று யோசித்தே எனக்குப் பாதித் தலைமுடி போய்விட்டது.

அவர் வாயிலிருந்து இரண்டாவது எழுத்தையும் வரவழைப்பதற்காக, விரைவு சார்ஜர்கள் நடத்தும் கம்பனி ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தேன். மாதச் சந்தா கட்டினால், மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்குக் கரண்ட் ஏற்றலாம். நாங்கள் சஹனில் சாப்பிட்டு வளர்ந்த ஆட்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். தட்டு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதே நினைப்பில் என் கணக்கின் பாஸ்வேர்டைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நான் மெம்பர் எண்டா நாம எல்லாரும் மெம்பர்தான்" என்று குரல்பதிவும் அனுப்பினேன். அந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏற்றலாம் என்று கம்பனி எழுதியிருந்ததாம். (நான் வாசிக்கவில்லை. வாசிக்காமலே "சம்மதம்" என்பதை அமுக்கிவிட்டேன்.)

இந்த நிலைமையில் என் மச்சினி ருஸ்னாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மருதமுனை. அவரைப் போய்க் கூட்டிவருவது மூத்த மருமகனின் பொறுப்பு. "மாப்பிள்ளைய அஸரோட கூட்டிட்டு வாங்க மகன். மஹ்ரிபுக்கு முந்தி நிக்காஹ்" என்றார் மாமா. பின்னேரத் தொழுகைக்கும் அந்தித் தொழுகைக்கும் இடையில் கல்யாணம் எழுதியாக வேண்டும். அந்த வீட்டில் என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் காரியம் அது. அதற்கு முன் அதிகபட்சம் ஐஸ் வாங்க அனுப்புவார்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு வீட்டில் காரைச் சார்ஜில் போட்டிருந்தேன். சோடனை லைட் மாட்டவந்தவர் என் ப்ளக்கைக் கழற்றிவிட்டுத் தன் ப்ளக்கைச் செருகியிருக்கிறார். வீடு ஜொலித்தது, கார் பட்டினி கிடந்தது. நான் அதைக் கவனித்தது மருதமுனையில் மாப்பிள்ளை ஏறிய பிறகுதான். பரவாயில்லை, வழியில் கல்முனையில் பத்து நிமிடம் போட்டால் போதும், நான்தான் மெம்பராயிற்றே!

பின்சீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய பெரியவாப்பா, அதாவது தகப்பனின் அண்ணன், இருந்தார். எதையும் துருவித் துருவிக் கேட்கும் மனிதர்.

"மெம்பர் எண்டா என்ன, தம்பி?"

பாண்டிருப்புத் தாண்டும்வரை விளக்கினேன். மெம்பருக்கு ஒரு விலை, மற்றவனுக்கு ஒரு விலை, விவரம் தெரிந்தவன் ஒருநாளும் மற்றவன் விலையைக் கொடுக்கமாட்டான் என்றெல்லாம் அளந்துவிட்டேன்.

கல்முனைச் சார்ஜரில் இரண்டு வயர்கள். ஒன்றை ஏற்கெனவே கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக் கார் ஒன்று பிடித்திருந்தது. மற்றதை என் காரில் செருகிப் போனைத் தட்டினேன். "உங்கள் கணக்கில் வேறொரு வாகனம் சார்ஜ் ஆகிறது" என்று வந்தது.

மற்றவன் விலையைக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் பெரியவாப்பா கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படிக் கொடுப்பேன்?

அக்கரைப்பற்றில் இருக்கும் சிறிய தகப்பனான சாச்சாவுக்குப் போன் எடுத்தேன். குடும்பத்தில் மின்சாரக் கார் வைத்திருக்கும் மற்ற ஆள் அவர்தான். "நான் கலியாண ஊட்டில புரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில நிக்கன். என்ட காரும் இஞ்சதான் நிக்குது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அப்ப எவனோ ஒரு கள்ளன் என்ட மெம்பர்ல ஏத்துறான்! ஆளக் கண்டன் எண்டா காரோட சேத்துக் கல்முனைக் கடல்ல தள்ளுவன்!" என்று கத்தினேன். வெள்ளைக் காருக்குள் எதுவோ கீழே சரிந்தமாதிரி இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளை என்னை அண்ணன் முறையில் அழைத்து மெதுவாகக் கேட்டார்: "காக்கா, நேரமாகுது. நாம பஸ்ஸில போவமா?"

கல்யாண உடுப்போடு ஒரு மாப்பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதை நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ருஸ்னா அலங்காரத்தோடு காத்திருப்பாள். என்னை நம்பிய ஒரே காரியத்தையும் கெடுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் மாமாவுக்கே போன் எடுத்தேன்.

சேவல் கூவியது.

என் மகள் தன் மூத்தவாப்பாவான மாமாவின் போனில் விளையாட்டாகப் போட்டுக்கொடுத்த சத்தம் அது. அவருக்கு மாற்றத் தெரியாது. சேவல் வெள்ளைக் காருக்குள்ளிருந்து கூவியது.

கதவைத் திறந்தேன். தொப்பியைக் கையில் பிடித்தபடி, ஸ்டியரிங்குக்குக் கீழே பாதி ஆளாகக் குனிந்திருந்தார் மாமா.

"நீங்க வெளிக்கிட்ட பொறகுதான் பாத்தன், ப்ளக் கழண்டு கிடந்திச்சு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "உங்களுக்கிட்டச் சென்னா மனசு நோவும். அதான் அடுத்த ஊட்டு டொக்டர்ட காரக் கேட்டு எடுத்தன். அதுலயும் சார்ஜ் கொறவு, இஞ்ச நிண்டு ஏத்தினன். நீங்க தாண்டினதும் நான் பின்னால வாறது. உங்கட கார் நிண்டா மட்டும் முன்னுக்கு வாறது. இல்லாட்டி நீங்களே கூட்டிப் போன பேரா இரிக்கட்டும்."

"என்ட மெம்பர்லயா போட்டீங்க?"

"ஓம். எங்கட மருமகன் மெம்பர் எண்டு டொக்டருக்கிட்டப் பெருமையாச் செல்லிட்டன். இத நிப்பாட்டத் தெரியல்ல, மகன்."

பெருமை என்றார். நான் அவரைக் கடலில் தள்ளப்போவதாகக் கத்திய பிறகும் அந்தச் சொல்லைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவர் இறங்கிப்போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் சலாம் சொல்லி, "மருமகன்தான் அவசரத்துக்கு இன்னொரு கார் வேணும் எண்டு ஏற்பாடு பண்ணினவர்" என்றார். கல்யாண நாளில் அப்படி ஒரு பொய்!

டொக்டரின் கார் போதுமான அளவு ஏறியிருந்தது. மாப்பிள்ளை அதில் மாறினார். பெரியவாப்பா மட்டும் மாற மறுத்துவிட்டார், மெம்பர் விலை எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வருவாராம். மணப்பெண்ணின் வாப்பா வாசல் கடப்படியில் நின்று மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும். எங்கள் மாமாவோ மாப்பிள்ளைக்கு டிரைவர். கடப்படி வந்ததும் இறங்கி, காரைச் சுற்றி ஓடி, தொப்பியைச் சரிசெய்து, கதவைத் திறந்து, அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வரவேற்றாராம். நான் பெரியவாப்பாவோடு போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றுவரை அந்த வீட்டில் என் பெயர் மெம்பர். என் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கணக்கை நாங்கள் பிரிக்கவில்லை. சார்ஜ் போடுமுன் குடும்பக் குழுவில் "கொக்கரக்கோ" என்று எழுதவேண்டும், அவ்வளவுதான் சட்டம். நான் எங்கே இருந்து எழுதினாலும் மாமாதான் முதலில் பதில் போடுவார். போன கிழமை கொழும்பிலிருந்து எழுதினேன். அவர் நிந்தவூரில், கடையில்.

"போடுங்க மகன். நான் பின்னால வாறன்."