பாடகி பிறந்த கிழமை

ஒரு பாட்டுகூடக் கேட்காமல் ஒரு பாடகியைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன் நான். இதைவிட மட்டமான காரியம் செய்தவர்கள் இருக்கலாம். ஆனால் அதற்காக லுங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், அக்கா வீட்டுக்காரரின் இரும்புச் சாமான் கடையில் ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். என் குரலுக்கு அது அவமானம் என்பது என் கருத்து. (கோயில் திருவிழாவில் ஒருமுறை, காணாமல் போன செருப்பைப் பற்றி மைக்கில் அறிவித்த குரல்!) நகர நடுவே பபேடானில் ஒரு காபிக் கடையில் வாரம் ஒரு மாலை ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சி நடத்தப்போகிறார்கள், தொகுத்துப் பேச ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் கடைச் சாவியை மச்சான் முன்னால் வைத்தேன்.

"இனிமே ஆணிக்கு வேற ஆளைப் பாருங்க."

வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பது அந்த நிமிடம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

முதல் நிகழ்ச்சி, காலமான ஓர் அமெரிக்க 'சோல்' இசைப் பாடகியைப் பற்றியது. (பெயர் சொல்ல மாட்டேன். செத்த பிறகும் அந்த அம்மாவுக்கு என் சகவாசம் வேண்டாம்.) பாட்டைக் கேட்டுத் தயாராவது சாதாரண ஆட்கள் செய்யும் வேலை. நான் போனில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தைத் திறந்து உருப்போட்டேன். எந்த ஊர், எந்தத் தேவாலயத்தில் பாடக் கற்றார், எத்தனை கல்யாணம், எவ்வளவு சொத்து, எதனால் இறந்தார். எப்படிப் பாடினார் என்று எந்த முட்டாளும் கேட்டிருக்கவில்லை. மனப்பாடம் செய்த முட்டாளுக்கும் அது தோன்றவில்லை.

கடை முதலாளி டோ ருக்மணி. ('டோ' என்பது இங்கே பெரிய மனுஷிகளுக்குப் போடும் மரியாதை.) அவர் எதிரே உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் குறைங்களேன். நான் பாடகியப் பத்திப் பேசணும்."

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குறைத்தார்.

"பேசுங்க தம்பி."

கேட்காத கேள்விக்கெல்லாம் வரிசை மாறாமல் பதில் சொன்னேன். மூன்றாவது கல்யாணத்தில் டீ வந்தது.

"அது சரி, எந்தக் கிழமை பிறந்தாங்க?"

ரங்கூனில் பெயர் கேட்ட கையோடு பிறந்த கிழமையும் கேட்பார்கள். கிழமைக்கு ஒரு குணம் உண்டு என்பது பர்மியர் நம்பிக்கை, இங்குள்ள தமிழர்கள் நாங்களும் பிடித்துக்கொண்டோம். சனிக்கிழமைக்காரர் என்றால் சண்டைக்காரர். நான் உருப்போட்ட பக்கத்தில் கிழமை இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நானாக இருப்பேனா?

"சனிக்கிழமைம்மா! அதனாலதான் மூணு புருஷனும் ஓடிட்டான். சனிக்காரங்களோட யாரு குப்பை கொட்டுறது?"

டீ கொண்டுவந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"நானும் சனிதான் தம்பி. எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷமா கொட்டிக்கிட்டுதான் இருக்கார்."

நான் சிரித்துப் பார்த்தேன். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

"போவட்டும். அவங்க பாட்டுல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"எல்லாமே நல்லாருக்கும்மா."

"அப்படியா? வந்ததும் குறைக்கச் சொன்னீங்களே, அது அவங்கதான்."

சொல்லிவிட்டுச் சத்தத்தைப் பழையபடி கூட்டினார். நேர்காணல் அத்துடன் முடிந்தது. வெட்கத்தில் காது எரிய, தெருமுனை வரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அழவைக்கிற குரல். அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

மறுநாள் நான் கடைக்குப் போவதற்குள் கதை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது, மச்சான் சாவியை நீட்டினார். இன்றும் ஆணிதான். அக்கா எனக்குப் பெண் தேடியபோது ஜாதகம், படிப்பு எதையும் பெரிதாகப் பார்க்கவில்லை. சனிக்கிழமை பிறந்தவளாக மட்டும் தேடினாள், தேடிப் பிடித்தும் விட்டாள். வீட்டில் நான் எதற்காவது வாயைத் திறந்தால் போதும், என் மனைவி எழுந்துபோய் டிவியைக் குறைக்கிறாள்.

"எல்லாரும் சும்மா இருங்க. இவரு பாடகியப் பத்திப் பேசப்போறாரு."